குற்றத் தொடர்களில் நேயர் ஊகமும் மாந்தர் குணமும்

காப்பிய மாந்தரின் ஒழுக்கத்தை ஆராய்வது தமிழ்த் திறனாய்வுக்குப் புதியதன்று. கோவலன் நல்லனா, மாதவி பழியுடையளா, பாண்டியன் நெடுஞ்செழியன் கொடியனா அன்றிப் பிழைபட்ட நல்லரசனா என்னும் வினாக்கள் நம் வகுப்பறைகளிலும் பட்டிமண்டபங்களிலும் பல தலைமுறையாக எழுந்து வருகின்றன. அவ்வினாக்களை எழுப்புவோர் நூலை முற்றக் கற்றவர், முடிவை அறிந்தவர். முடிவை அறியாத நிலையில் ஒரு மாந்தனின் குணத்தைத் துணிய நேர்ந்தால் மக்கள் எதனைச் சான்றாகக் கொள்வர்? இவ்வினாவுக்கு விடை தேடத் தக்க களம் இன்றைய குற்றத் தொடர்களே என்பது என் கருத்து. அவற்றைக் காண்போர் ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் ஒருவனைக் குற்றவாளி என்கின்றனர். அடுத்த பகுதியில் அவனை விடுவிக்கின்றனர். அவர்தம் ஊகங்களைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் ஒரு சமுதாயம் யாரை எளிதில் ஐயுறுகிறது, யாரை ஐயுறவே மறுக்கிறது என்பதை அவற்றைப்போல் தெளிவுறக் காட்டுவன வேறு இல்லை.

ஈண்டு எடுத்துக்கொள்ளப்பெறும் தொடர்கள் இரண்டு. புஷ்கர், காயத்ரி இணையர் எழுதி, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய ‘சுழல்’ 2022 சூன் 17 அன்று வெளிவந்தது. ஆண்ட்ரூ லூயிஸ் படைத்த ‘வதந்தி’ அதே ஆண்டு திசம்பர் 2 அன்று வெளிவந்தது. இரண்டும் எட்டு எட்டுப் பகுதிகள் உடையன. இரண்டும் அமேசான் பிரைம் தளத்தின் வாயிலாக வீட்டுத் திரைக்கு வந்தன. முன்னதே இக்கட்டுரையின் முதன்மைப் பொருள்; பின்னது துணை. முடிவை வெளிப்படுத்தாமல் எழுதுதல் வார இதழ் மதிப்புரைக்கு அழகாகலாம். ஆராய்ச்சிக்கு அது ஆகாது. ஆதலின் ‘சுழல்’ தொடரின் குற்றவாளி யாவன் என்பது இங்கு மறைக்கப்படவில்லை.

முதற்கண் ‘ஊகம்’ என்னும் சொல்லின் பொருளை வரையறுத்தல் வேண்டும். நேயர் ஊகம் என நாம் ஒரு சொல்லால் குறிப்பது உண்மையில் இருவேறு செயல்கள். நன்னூலார் முப்பத்திரண்டு உத்திகளுள் ‘உய்த்துணர வைப்பு’ என ஒன்றை எண்ணினார். தொல்காப்பிய மரபியலிலும் ‘உய்த்துக்கொண்டு உணர்தல்’ என்னும் உத்தி இடம்பெறுகிறது. ஆசிரியன் வெளிப்படக் கூறாததை, அவன் கூறியவற்றைக் கருவியாகக் கொண்டு கற்பவன் அறிதலே இதன் கருத்து. மற்றொரு செயலுக்கு நம் அகத்திணை மரபில் வேறு பெயர் உண்டு, அஃது அலர். இறையனார் களவியலுரை அம்பலையும் அலரையும் வேறுபடுத்திக் காட்டும். வாய்விட்டுச் சொல்லப்படாது முகிழ்த்து நிற்கும் பழிக்குறிப்பு அம்பல்; இன்னாரோடு இன்னார் என வெளிப்பட மலர்ந்த பேச்சு அலர். உய்த்துணர்வுக்கு முதற்பொருள் நூல். அலருக்கு முதற்பொருள் ஊரின் மனம்.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். அகப்பாடல்களில் அலர் பொய்யன்று. நிகழ்ந்த களவையே அது தூற்றுகிறது. அதனைப் பொய்யூகத்தோடு ஒப்பிடுதல் பொருந்துமோ எனின், பொருந்தும் என்க. அலர் பேசும் பெண்டிர் உண்மையைத் தொட்டனராயினும், சான்று கண்டு தொட்டாரல்லர். தலைவியின் மேனி வேறுபாடும் தாயின் ஐயமும் அவர்க்குப் போதுமானவை. உண்மையாயினும் சான்றின்றித் துணிந்த துணிவு அது. அகத்திணையில் அத்துணிவால் கேடு விளையாது; தலைவனை வரைவுக்குத் தூண்டுதலின் நன்மையே விளையும். குற்றக் கதையில் அதே துணிவு யாரையேனும் சிறைக்கு அனுப்புகிறது.

இனித் தொடருக்கு வருவோம். ‘சுழல்’ கதை சாம்பலூர் என்னும் கற்பனை ஊரில் நிகழ்கிறது. ஊருக்கு உயிராக ஒரு சிமெண்டு ஆலை. தொழிற்சங்கத் தலைவர் சண்முகம் ஒருபுறமும், காவல் ஆய்வாளர் ரெஜினா மறுபுறமும் ஆலைப் போராட்டத்தில் எதிரெதிர் நிற்கின்றனர். ஆலை தீப்பற்றி எரியும் இரவில் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற் போகிறாள். துணை ஆய்வாளன் சக்கரை தேடத் தொடங்குகிறான். வீட்டைவிட்டுப் பிரிந்து வாழ்ந்த மூத்த மகள் நந்தினி ஊர் திரும்புகிறாள். இவையனைத்தும் மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாள்களில் நிகழ்கின்றன.

இவ்விழா நடுநாட்டு நேயர்க்கு வேற்றுப் பொருளன்று. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மாசித் திங்களில் சிவராத்திரிக்கு மறுநாள் நிகழும் மயானக் கொள்ளைக்கு விழுப்புரம், கடலூர்ப் பகுதி ஊர்களிலிருந்து மக்கள் திரண்டு செல்வதை இப்பக்கத்தார் நன்கறிவர். ஆதலின் விருத்தாசலத்தை அடுத்த எம் மங்களூரில் முதுகலை மாணவர் சிலரோடு இத்தொடரைக் கண்டபொழுது, வேடமிட்ட முகங்கள் அவர்களை அச்சுறுத்தவில்லை. சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்து காணும் நேயர்க்கு அவ்வண்ணமுகங்களே முதல் ஐயப் பொருள்களாக இருந்திருக்கும். ஒரே காட்சி ஒருவர்க்குச் சான்றாகிறது. மற்றொருவர்க்கு ஊர்த் திருவிழாவாகிறது. ஊகத்தின் தன்மையை அறிய இஃதொன்றே போதும்.

ஆயினும் அம்மாணவரும் ஐயத்திற்கு விலக்கானவர் அல்லர். அவர்தம் ஐயம் வேறு வழியில் சென்றது. சண்முகம் கடவுள் மறுப்பாளர், வெகுளி மிக்கவர், ஆதலின் அவரிடம் ஏதோ உளது. நந்தினி குடும்பத்தோடு முரண்பட்டு வெளியேறியவள். ஆதலின் சொல்லாத மறை அவளிடம் உளது. ரெஜினா பெண்ணாயிருந்தும் கடுமை மிக்கவள். ஆதலின் அவள் எதனையும் செய்வாள். இக்காரணங்களுள் ஒன்றேனும் நிலா காணாமற் போன செய்தியைத் தொடுவதாக இல்லை. எல்லாம் குடும்பம், சமயம், பெண்மை என்பன பற்றிய பொதுக் கருத்துகள். மரபினின்று யார் எவ்வளவு விலகியுள்ளனரோ அவ்வளவுக்கு அவர்மேல் ஐயம் ஏறியது. தொடராசிரியர் இதனை நன்கறிந்தே மாந்தரைப் படைத்துள்ளனர். விலகியவர் அனைவரையும் ஒருவர்பின் ஒருவராக நம்முன் நிறுத்தி, நம் விரல் அவர்களை நோக்கி நீளும்வரை காத்திருக்கின்றனர்.

குற்றவாளி குணா. சண்முகத்தின் உடன்பிறந்தான், நிலாவுக்குச் சிற்றப்பன். வீட்டில் உலவுபவன், யாரோடும் பகையற்றவன். நிலாவை மட்டுமன்றி முன்னர் நந்தினியையும் சிறு வயதில் சீரழித்தவன் அவன். மரபினின்று விலகிய அடையாளம் ஒன்றும் அவனிடம் இல்லாமையே அவனைக் காத்தது. தொடரில் மட்டும் நிகழ்வதன்று இது. குழந்தைகள் மீதான பாலியற் குற்றங்களைத் தடுக்கும் போக்சோ சட்டம் 2012இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்கீழ் வரும் வழக்குகளுள் பெரும்பான்மையானவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டி வருகின்றன. அறிக்கையைப் படித்தவரும் தொடரைக் காணும்பொழுது வேடமிட்ட முகத்தையும் வெளியூரானையும் ஐயுறுகின்றனரே அன்றிச் சிற்றப்பனை ஐயுறுவதில்லை. அஞ்சத்தக்க வண்ணமெல்லாம் தெய்வத்தின் முகத்தில். குற்றவாளியின் முகத்திலோ ஒரு வண்ணமும் இல்லை. விழாவைக் கதையின் பின்னணியாக அமைத்ததன் பயன் இதுவே எனக் கருதுகின்றேன்.

சான்றின்றித் துணிதலால் விளையும் கேட்டை நம் மொழியில் முதன்முதல் விரித்துரைத்த நூல் சிலப்பதிகாரம். அதனை ஊழின் காப்பியமாகவும் கற்பின் காப்பியமாகவும் பலர் ஆராய்ந்துள்ளனர். தவறான உய்த்துணர்வின் காப்பியமாகவும் அதனைக் காணல் கூடும். கடற்கானலில் மாதவி பாடுகிறாள். அப்பாட்டின் பொருளைக் கொண்டு அவள் உள்ளத்தில் வேறொருவன் உளன் எனக் கோவலன் துணிகிறான். இது பாட்டை வைத்துப் பாடினாளின் ஒழுக்கத்தை அறிய முயன்ற ஊகம். ஊகித்தவன் கலை நுகர்வில் வல்லவன் என்பதை நோக்குக. மதுரையில் அவனே பிறர் ஊகத்திற்கு இரையாகிறான். பொற்கொல்லன் ஒருவன் சொல்லும், சிலம்பின் புற ஒப்புமையும், ஊடிய தேவியை நாடிச் செல்லும் மன்னனின் விரைவும் சேர்ந்து அவன் உயிரைக் கொள்கின்றன. அயலூரான், வறியவன், கையில் அரசிக்குரியது போன்ற சிலம்பு; இவை போதுமாயின. உள்ளிருக்கும் பரல் முத்தோ மாணிக்கமோ என்று உடைத்துப் பார்த்தல் கொலைக்குப் பின்னரே நிகழ்ந்தது.

காப்பியத்திற்கும் தொடருக்கும் உள்ள வேறுபாடு இங்கே புலனாகும். சிலப்பதிகாரத்தில் நாம் உண்மையை முன்னரே அறிவோம். மன்னன் பிழைபடுவதைக் கண்டு பதைக்கிறோம். குற்றத் தொடரில் உண்மை நமக்கும் மறைக்கப்படுகிறது. பொற்கொல்லன் சொல் நம் செவியில் விழுகிறது. முடிவு கூற வேண்டியவர் நாமே. நேயரைப் பாண்டியன் அரியணையில் அமர்த்துவதே இவ்வகைக் கதையின் அமைப்பு. நம் துணிவால் எவரும் இறப்பதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

ஊகத்திற்கு மூன்றாவதொரு முதற்பொருளும் உண்டு; அது நடிகர் முகம். எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954இல் வெளிவந்தது. பாடல் ஒன்றும் இல்லாத தமிழ்த் திரைப்படம் எனப் பலரும் அதனை நினைவிற் கொள்வர். எனக்கு அதன் சிறப்பு வேறிடத்தில் தோன்றுகிறது. 1943இல் சென்னைமீது சப்பானியர் குண்டு வீசிய காலத்தில் இராசன் என்பான் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். அண்டை வீட்டார், தம்பி, தம்பி மனைவி, நடனமாது, மனைவி என ஐவர்மேல் ஐயம் செல்கிறது. இறந்தவனாக நடித்தவர் சிவாசி கணேசன். கதைத்தலைவனின் முகத்தை உடையவன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்பதும், அவன் மனைவி உசாவின் கையாலேயே அவன் இறந்தான் என்பதும் இறுதியில் வெளிப்படுகின்றன. கொன்றவர் யார் என ஊகித்துக்கொண்டிருந்த நேயர், கொலையுண்டவன் எத்தகையவன் என்று வினவ மறந்தனர். முகம் விடை கூறிவிட்டதாக எண்ணியமையே காரணம். ‘சுழல்’ தொடரில் குணாவாக நடித்த இளங்கோ குமரவேல் ‘அபியும் நானும்’ முதலிய படங்களில் இரக்கத்திற்குரிய மெல்லிய மாந்தராக நம் மனத்தில் பதிந்தவர். சண்முகமாக நடித்த பார்த்திபனோ குறும்பும் கூர்மையும் கலந்த பாத்திரங்களுக்குப் பெயர்பெற்றவர். ஐயம் யார்மேல் செல்லும் என்பது பாத்திரத் தேர்விலேயே பாதி முடிவாகிவிட்டது.

ஊகம் வளரக் காலமும் வேண்டும். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வார ஒளிபரப்பாக வந்தது. அதன் ‘விடாது கருப்பு’ப் பகுதியில், ஊரில் தண்டனை வழங்குவது காவல் தெய்வமா மனிதனா என்னும் வினா வாரக்கணக்கில் மக்கள் வாயில் இருந்தது. இரு பகுதிகளுக்கு இடைப்பட்ட ஏழு நாள்களே அம்பல் அலராக மலரும் காலம். இன்று எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில் வெளியாகின்றன. ஓர் இரவில் கண்டு முடிப்பாரும் உளர். ஊகம் இதனால் அழிந்துவிடவில்லை, இடம் மாறியது. முடிவைக் கண்டபின் திரும்பிச் சென்று, முதற்பகுதியிலேயே குறிப்பு இருந்ததா எனத் தேடுகின்றனர். இத்தேட்டம் அலரினும் உய்த்துணர்வுக்கு நெருங்கியது. நூலுக்குத் திரும்பச் செய்கிறது. பழைய வார ஒளிபரப்பை எண்ணி ஏங்குவோர் இந்நன்மையைக் கருதுவதில்லை.

அத்தகைய மறுதேட்டத்திற்கு எல்லை யாது? 1904இல் பிராட்லி சேக்சுபியரின் அவலநாடக மாந்தரை வாழ்ந்த மனிதரைப்போல் ஆராய்ந்தார். 1933இல் நைட்சு என்பார் ‘மாக்பெத்துப் பெருமாட்டிக்கு எத்தனை குழந்தைகள்?’ என்று தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டு, நூலில் இல்லாததை வினவும் அம்முறையை எள்ளினார். மறுபுறத்தில், அகதா கிறித்தியின் 1926ஆம் ஆண்டு நாவலில் துப்பறிவாளன் காட்டிய கொலையாளி உண்மைக் கொலையாளி அல்லன் என்று பியேர் பயார் என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர் 1998இல் ஒரு முழு நூலே எழுதினார். நேயர் ஊகம் பல்கலைக்கழக மேலங்கி அணிந்த நிலை அது எனலாம். நூலின் சொற்களையே அவர் சான்றாக்கினார் ஆதலின், ஏற்காதவரும் அதனை மதிக்க நேர்ந்தது. ஊகத்தின் தகுதி அதன் முடிவில் இல்லை, சான்றில் உள்ளது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

இந்த அளவுகோலால் ‘சுழல்’ தொடரை அளந்தால் ஒரு குறை தெரிகிறது. குணாவைக் குற்றவாளியாக்கியது நேயரை ஏமாற்றுதல் என்பாரும் உளர். அக்கூற்று முற்றும் தவறன்று. சண்முகத்திற்கும் ரெஜினாவுக்கும் அளித்த இடத்தில் ஒரு சிறு பகுதியையே தொடர் குணாவுக்கு அளித்துள்ளது. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில் பொருள் வெந்தபின் தெரியும் விரிசல், பல வேளைகளில் பச்சை மண் சீராக உலராத பொழுதே உண்டானது. சூளை அதனை வெளிப்படுத்துகிறதே அன்றிப் படைப்பதில்லை. மாந்தர் குணமும் அவ்வாறு அமைதல் வேண்டும். குணாவின் விரிசலை மண்ணிலேயே காண முடிகிறதா எனின், நந்தினியிடத்துக் காண முடிகிறது, குணாவிடத்து அன்று. அவள் வீட்டைவிட்டு நீங்கியமையும், தாய் தந்தையரோடு இயல்பாகப் பழக மாட்டாமையும் இரண்டாம் முறை காணும்பொழுது வேறு பொருள் தருகின்றன. முதலில் அவள்மேல் ஐயம் கொள்ளக் காரணமாயிருந்தனவே பின்னர் அவள் பட்ட துன்பத்தின் சுவடுகளாகின்றன. தொடரின் வலிமை இது. ஆயினும் சீரழித்தவனின் அகம் இறுதிவரை இருளிலேயே விடப்பட்டது. அவன் எவ்வாறு நல்லவனாக உலவினான், யார் அறிந்தும் அறியாதார்போல் இருந்தனர் என்பவற்றை விரித்திருந்தால், நேயர்க்கு வியப்பு குறைந்து அச்சம் மிகுந்திருக்கும். எனக்கு வியப்பினும் அச்சமே இக்கதைக்கு உரிய மெய்ப்பாடாகத் தோன்றுகிறது.

‘வதந்தி’ தொடர் தன் பெயராலேயே நம் ஆராய்ச்சிப் பொருளைக் கூறிவிடுகிறது. குமரி மாவட்டப் பகுதியில் இளம்பெண் ஒருத்தியின் உடல் கிடைக்கிறது. முதலில் அவள் ஒரு நடிகை எனச் செய்தி பரவுகிறது. நடிகை உயிருடன் இருப்பது தெரிந்தபின், இறந்தவள் வெலோனி என்னும் ஆங்கிலோ இந்தியப் பெண் எனப் புலனாகிறது. துணை ஆய்வாளன் விவேக் வழக்கில் ஆழ்கிறான். இங்கே ஐயத்திற்கு உள்ளாவது கொன்றவன் குணமன்று, கொலையுண்டவள் குணம். சாதியாலும் சமயத்தாலும் ஊரின் விளிம்பில் வாழ்ந்தவள், அழகி, தந்தையற்றவள் ஆதலின் ஆளுக்கொரு வெலோனியைப் படைத்துக்கொள்கின்றனர். நாசர் ஏற்ற நாவலாசிரியர் பாத்திரம் அவளைப் பற்றிக் கதையே எழுதுகிறது. அகத்திணையில் அலருக்கு உள்ளானவள் தோழியிடம் பேசலாம். தாய்முன் அறத்தொடு நிற்கவும் வழியுண்டு. வெலோனிக்கு அவ்வாய்ப்பு இல்லை. இறந்தவள் மறுத்துரைக்க இயலாள். கதை நடத்தும் முறையில் இத்தொடர் ‘சுழல்’ அளவுக்குக் கட்டுக்கோப்பு உடையதன்று. நடுப்பகுதிகள் நீண்டு தளர்கின்றன. ஆயினும் ‘இறந்தவள் ஒழுக்கமுடையவளா’ என்னும் வினா கொலை வழக்கில் எவ்வாறு புகுந்து முதலிடம் பெறுகிறது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய தமிழ்த் தொடரை யான் கண்டிலேன். அவள் எத்தகையவளாயினும் கொலை கொலையே என்று சொல்லத் தமிழ் நேயர்க்குச் சில பகுதிகள் தேவைப்படுகின்றன.

மீண்டும் நந்தினிக்கு வருவோம். ‘சுழல்’ முதற்பருவத்தின் இறுதியில் அவள் குணாவைக் கொன்றுவிடுகிறாள். அதுகாறும் ஒவ்வொருவரையும் ஐயுற்றுச் சான்று கேட்டு நின்ற நேயர் இவ்விடத்தில் ஒரு சான்றும் கேட்பதில்லை. அவளை உடனே விடுவிக்கின்றனர். கண்ணகி மதுரையை எரித்ததை ஏற்கும் மரபில் வந்தவர்க்கு இது எளிது. எனினும் கண்ணகி முதலில் அரசவைக்குச் சென்று வழக்குரைத்தாள். சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். அதன் பின்னரே எரி எழுந்தது. நந்தினி வழக்குரைக்கும் படியைத் தாண்டிவிட்டாள். தாண்டியதை நேயர் பொருட்படுத்தவில்லை, தொடராசிரியர் பொருட்படுத்தினர். 2025 பிப்ரவரி 28 அன்று வெளிவந்த இரண்டாம் பருவத்தில் அவள் சிறையில் இருக்கிறாள், நீதிமன்றத் தீர்ப்பை நோக்கி.

அப்பருவத்தின் புதுக்கொலையும் நம் பொருளுக்கு இயைந்ததே. நந்தினிக்காக வழக்காட இருந்த செல்லப்பா என்னும் முதிய வழக்கறிஞர் கொல்லப்படுகிறார். காளிப்பட்டினத்தில் அட்டகாளித் திருவிழா நிகழும் நாள்கள் அவை. வெவ்வேறிடங்களில் எட்டு இளம்பெண்கள் தனித்தனியே வந்து, கொன்றவள் யானே என்கின்றனர். முதற்பருவத்தில் எவரும் ஒப்புக்கொள்ளாத குற்றத்திற்கு நேயர் ஆள் தேடினர். இங்கே ஒப்புக்கொண்டவர் எண்மர். நேயர் நம்ப மறுக்கும் எண்மர். வழக்கமான ஐயம் தலைகீழாகிறது: ‘இவள் செய்திருப்பாளோ’ என்பது போய், ‘இவள் செய்தேன் என்று ஏன் சொல்கிறாள்’ என்பது வந்து நிற்கிறது. இவ்வினாவுக்கு அலரால் விடை கூற இயலாது. ஊர் மனம் பழி சுமத்தவே அறியும். பழியைத் தானே வந்து ஏற்பவளைப் பற்றி அதற்கு ஆயத்தமான கதை ஒன்றும் இல்லை. எண்மரையும் வேறுபடுத்தி அறிய, நேயர் அவர்கள் ஒவ்வொருவரும் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்டே ஆகவேண்டும்.